பழைய பொறியும் புதிய விளையாட்டும்

கூரை ஒழுகுகின்றது என்பதற்காக வீடு முழுவதையும் இடித்துக் கட்டுவார் இலர். எந்த ஓடு உடைந்தது, எந்தச் சட்டம் உளுத்தது என்று ஏறிப் பார்த்து, அதனை மட்டும் மாற்றுவதே குடும்பம் நடத்தத் தெரிந்தவர் செயல். ஒழுகும் இடத்தை அறியாமல் சுவருக்கு வெள்ளையடித்தால் பணமும் போகும், ஒழுக்கும் நில்லாது. இவ்வுண்மை வீட்டுக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் மேசைமீது இருக்கும் பழைய கணிப்பொறிக்கும் பொருந்தும்.

அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிடும் கணிப்பொறிகள் குறைந்த விலைக்குக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கிப் பயன்படுத்தும் இல்லங்கள் பல. அப்பொறியில் தந்தை கணக்கு எழுதுகின்றார். தமக்கை விண்ணப்பம் நிரப்புகின்றாள். தம்பி பாடம் படிக்கின்றான். பாடம் முடிந்ததும் அவனுக்கு விளையாட ஆசை. ஆனால், விளையாட்டைத் தொடங்கினால் படம் தத்தித் தத்தி நகர்கின்றது. பந்து கடந்து சென்ற பின்னரே கால் அசைகின்றது. புதிய பொறி வாங்கலாம் என்றால் வீட்டில் அதற்குப் பொருள் இல்லை. பள்ளிக் கட்டணமும் மளிகைச் செலவும் எந்தப் பையிலிருந்து வருகின்றனவோ, அதே பையிலிருந்துதான் இதற்கும் பணம் வரவேண்டும். கையில் இருக்கும் சிறு தொகையை எதற்குச் செலவிடுவது? இரண்டாம் முறை செலவிட இயலாதவன் முதன்முறையே நன்கு சிந்திக்க வேண்டும் அன்றோ? அவ்வாறு சிந்திக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

கணிப்பொறி என்பது ஒரே பொருள் அன்று. பல உறுப்புகளின் கூட்டம். 1981 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியின் தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. வேண்டுவோர் தமக்கு வேண்டிய அட்டையை அவற்றில் செருகிக்கொள்ளலாம். அப்பொறியின் அமைப்பு விவரங்களையும் அந்நிறுவனம் வெளியிட்டமையால், பிற நிறுவனத்தாரும் அதற்குப் பொருந்தும் உறுப்புகளைச் செய்து விற்றனர். அன்று வேரூன்றிய அவ்வழக்கம் மேசைக் கணிப்பொறிகளில் இன்றும் நிலைத்திருக்கின்றது. ஒன்றைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம் என்னும் இவ்வசதியே பழைய பொறியைத் திருத்துவோருக்குத் துணை. மடிக்கணினியில் பெரும்பாலான உறுப்புகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், அதில் இத்தகைய திருத்தத்திற்கு இடம் குறைவு.

ஒரு சான்றினை எடுத்துக்கொள்வோம். டெல் நிறுவனம் 2012 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆப்டிபிளெக்ஸ் 7010 என்பது அலுவலகங்களுக்கென்றே செய்யப்பட்ட கணிப்பொறி. அதில் வந்த செயலிகளுள் ஒன்று இன்டெல் ஐ5-3470. அதனுள் கோர் எனப்படும் கணக்கிடும் கருக்கள் நான்கு உள்ளன. ஒவ்வொன்றின் அடிப்படை வேகமும் 3.2 கிகாஹெர்ட்ஸ், அஃதாவது விநாடிக்கு 320 கோடித் துடிப்புகள். ராம் என்று வழங்கும் நினைவகத்தைச் செருக நான்கு இடங்கள் உண்டு. தகவல்களைச் சேமிக்கச் சுழலும் வன்தட்டு ஒன்று உண்டு. படம் வரைவதற்கெனத் தனி அட்டை கிடையாது. செயலிக்குள்ளேயே அமைந்த எச்.டி. 2500 என்னும் சிறு பகுதி அவ்வேலையைச் செய்கின்றது. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் இது போதும். விளையாட்டுக்குப் போதுமா என்பதே வினா.

இதனை அறிய, கணிப்பொறியுள் நிகழ்வதை ஒரு திருமண விருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரிசியும் பருப்பும் காய்கறியும் உக்கிராணத்தில் இருக்கின்றன, அதுவே வன்தட்டு. அன்றைய சமையலுக்கு வேண்டியவற்றை எடுத்துவந்து கைக்கெட்டும் மேடைமீது பரப்பி வைக்கின்றனர், அதுவே நினைவகம். எதை எப்போது எவ்வாறு செய்வது என்று முடிவு செய்து வேலை நடத்தும் தலைமைச் சமையற்காரரே செயலி. ஆக்கியதை எடுத்துச் சென்று இலைதோறும் பரிமாறுவோர் பலர். அவர்களே கிராபிக்ஸ் கார்டு என்று கடைகளில் வழங்கும் வரைகலை அட்டை.

இவ்விருந்தில் எத்தனை இலைகள் தெரியுமா? இன்று பரவலாக வழங்கும் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்ற கணக்கில் புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20,73,600. ஒரு படம் முழுமையாக வேண்டுமாயின் இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் இட வேண்டும். அதுவே ஒரு பந்தி. விளையாட்டில் அசைவு வழுக்கிச் செல்வதுபோல் தோன்ற, விநாடிக்கு 60 படங்கள் வேண்டும் என்பர். ஆகவே, ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. மில்லி விநாடி என்பது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. விநாடிக்கு 30 படங்கள் வந்தால் ஓரளவு விளையாடலாம். 20 ஆகக் குறைந்தால் தத்தல் தெளிவாகக் கண்ணுக்குப் புலப்படும்.

நம் பழைய பொறியில் பரிமாறுவோர் மிகச் சிலர். அவர்களுக்கெனத் தனி மேடையும் இல்லை. தலைமைச் சமையற்காரரின் மேடையையே அவர்களும் பங்கிட்டுக்கொள்கின்றனர். அடுப்பில் சோறு ஆயத்தமாய் இருந்தும் இலைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. இந்நிலையில், பந்தி தாமதமாகின்றது என்று கண்ட ஒருவர் உக்கிராணத்தை இருமடங்கு பெரிதாகக் கட்டினால் பயன் யாது? இன்னொரு சமையற்காரரை அமர்த்தினால்தான் பயன் யாது? தடை எங்கே இருக்கின்றதோ அங்கே கை வைத்தாலன்றி விருந்து விரையாது.

இவ்வுண்மையைக் கணக்காகவே எடுத்துரைத்தார் ஓர் அறிஞர். ஐ.பி.எம். நிறுவனத்தின் புகழ்பெற்ற சிஸ்டம்/360 கணிப்பொறி வரிசையின் அமைப்பை வகுத்தவர்களுள் தலையாயவர் ஜீன் அம்டால். பல செயலிகளை ஒருங்கே இணைத்துக் கணிப்பொறியை விரைவுபடுத்துவது பற்றி 1967 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கருத்து, இன்று அம்டால் விதி என வழங்குகின்றது. ஒரு வேலையின் ஒரு பகுதியை எவ்வளவு விரைவாக்கினாலும், விரைவாக்கப்படாத பகுதி எடுக்கும் நேரத்திற்குக் கீழே மொத்த நேரம் குறையாது என்பதே அதன் சாரம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். விளையாட்டு ஒன்று தொடங்க 100 விநாடி ஆகின்றது என்று கொள்வோம். அதில் வன்தட்டிலிருந்து தகவலைக் கொணர 80 விநாடியும், செயலி அதனை விரித்து ஒழுங்குபடுத்த 20 விநாடியும் செல்கின்றன. செயலியின் வேகத்தை இருமடங்காக்கினால் 20 என்பது 10 ஆகும். மொத்தம் 90 விநாடி. பெருஞ்செலவு செய்தும் மிச்சம் 10 விநாடியே. மாறாக, சேமிப்பகத்தின் வேகத்தை ஐந்து மடங்காக்கினால் 80 என்பது 16 ஆகும். மொத்தம் 36 விநாடி. ஆனால், சேமிப்பகத்தை மேலும் மேலும் விரைவாக்கிக்கொண்டே சென்றாலும் 20 விநாடிக்குக் கீழே இறங்க இயலாது. அங்கே தடை வேறிடத்திற்கு மாறிவிடுகின்றது.

படம் வரையும் வேலையும் இத்தகையதே. அங்குச் செயலி அடுத்த படத்திற்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்யும்போதே, வரைகலைப் பகுதி முந்திய படத்தை வரைகின்றது. ஆதலின் இரண்டனுள் மெதுவானது எதுவோ, அதுவே வேகத்தை முடிவு செய்யும். ஒரு படத்திற்குச் செயலி 12 மில்லி விநாடியும் வரைகலைப் பகுதி 50 மில்லி விநாடியும் எடுத்தால், விநாடிக்கு 20 படங்களே கிடைக்கும். செயலியை மாற்றி 12 ஐ 6 ஆக்கினாலும் அதே 20 தான். வரைகலைப் பகுதியை மாற்றி 50 ஐ 15 ஆக்கினால் 66 படங்கள் கிடைக்கும். அதற்கு மேலும் விலையுயர்ந்த அட்டையை வாங்கி 15 ஐ 5 ஆக்கினாலோ, செயலியின் 12 மில்லி விநாடி குறுக்கே நிற்கும். 83 படங்களுக்கு மேல் வாரா. ஆகவே, மிக உயர்ந்த அட்டை பழைய பொறிக்கு வேண்டுவதில்லை. பொருந்தும் அட்டையே வேண்டும்.

தடை எங்கே என்று அறிவது எப்படி? இதற்குப் பணம் ஒரு காசும் வேண்டுவதில்லை. விண்டோஸ் இயக்கமுறையில் டாஸ்க் மேனேஜர் என்னும் பகுதி உண்டு. செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவை எவ்வளவு வேலையில் உள்ளன என்பதை அது விழுக்காட்டில் காட்டும். விளையாட்டு நடக்கும்போது அதனைப் பார்க்க வேண்டும். நினைவகம் நிரம்பி வழிந்தால் அங்கே குறை உண்டு. வன்தட்டு இடைவிடாது 100 விழுக்காட்டில் நின்றால் அங்கே குறை உண்டு. செயலியைப் பார்க்கும்போது மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். நான்கு கருக்களுள் ஒன்று மட்டும் முழு வேலையில் திணறினாலும், மொத்தக் கணக்கு 25 விழுக்காடு என்றே காட்டக்கூடும். எனவே கருக்களைத் தனித்தனியே காணுதல் நன்று.

வரைகலையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் திரைப்புள்ளிகளின் அளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 எனக் குறைத்துப் பாருங்கள். இப்போது புள்ளிகள் 9,21,600 மட்டுமே; பாதிக்கும் குறைவு. இலைகள் பாதியானவுடன் பந்தி விரைந்தால், குறை பரிமாறுவோரிடத்தில், அஃதாவது வரைகலையில். இலைகள் குறைந்தும் விரைவு கூடவில்லையெனில், குறை பெரும்பாலும் தலைமைச் சமையற்காரரிடத்தில், அஃதாவது செயலியில். மருத்துவர் நாடி பார்த்த பின்னரே மருந்து எழுதுகின்றார். பொறியைத் திருத்துவோரும் இச்சோதனைகளை முடித்த பின்னரே கடைக்குச் செல்லவேண்டும்.

கடைக்குச் செல்லுமுன் செலவில்லாத மருந்துகளையும் செய்து பார்த்துவிட வேண்டும். பத்தாண்டு கடந்த பொறியின் உள்ளே தூசி படிந்திருக்கும். காற்று புகாத செயலி சூடேறும். சூடு மிகுந்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே, மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தூசியை நீக்க வேண்டும். செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையே பூசிய பசை காய்ந்திருந்தால், தெரிந்தவர் துணையோடு புதிதாகப் பூசலாம். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறத்தல் ஆகாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிருக்கு ஊறு செய்யும் மின்சாரம் தேங்கி நிற்கும். இனி, வேண்டாத நிரல்கள் பின்னணியில் ஓடாமல் நிறுத்துவதும், விளையாட்டில் நிழல், ஒளிப் பிரதிபலிப்பு முதலிய அலங்காரங்களைக் குறைப்பதும் செலவின்றி வேகம் தருவன. சிலருக்கு இவையே போதுமானவை ஆகிவிடும்.

இவற்றாலும் குறை தீராதாயின், உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராயலாம். முதலில் நினைவகத்தைக் காண்போம். 4 ஜிகாபைட் மட்டும் உள்ள பொறியில் புதிய விளையாட்டுகள் பல இயங்கா. 8 ஜிகாபைட் இருந்தால் எளியவை இயங்கும்; 16 இருந்தால் நம் சான்றுப் பொறிக்கு நிறைவு. மேடை போதிய அளவு இருந்தபின் அதனை மேலும் அகலமாக்குவதால் சமையல் விரையாது. எனவே 32 ஜிகாபைட் வாங்குவது பணத்தை மேடைமீது வீணே பரப்பி வைப்பது போலாகும். மற்றொரு நுட்பமும் உண்டு. இப்பொறியின் நினைவகத்திற்கு இரு வழிகள் உள்ளன. 1600 வகை நினைவகத் துண்டு ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 12.8 ஜிகாபைட் செல்லும். இரு துண்டுகளை உரிய இடங்களில் செருகினால் 25.6 ஜிகாபைட் செல்லும். ஆகவே, 16 ஜிகாபைட் துண்டு ஒன்றைத் தேடுவதினும் 8 ஜிகாபைட் துண்டுகள் இரண்டு வாங்குதல் நலம். இப்பொறி ஏற்பது டி.டி.ஆர்.3 என்னும் வகை மட்டுமே. பின்னர் வந்த டி.டி.ஆர்.4 துண்டின் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் அது பொருந்தாது.

அடுத்தது சேமிப்பகம். வன்தட்டு நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கின்றது. வேண்டிய இடம் முள்ளின் கீழ் வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரம் மட்டுமே சராசரி 4.17 மில்லி விநாடி. முள் நகரும் நேரம் அதற்கும் மேல். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கும்போது இக்காத்திருப்புகள் பெருகிப் பெருந்தாமதம் ஆகின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டோ நகரும் முள்ளோ இல்லை. ஆதலால் வேண்டியதை மின்னல் வேகத்தில் எடுத்துத் தருகின்றது. சாட்டா என்னும் இணைப்பில் பூட்டினாலும் விநாடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும் எஸ்.எஸ்.டி.கள் உண்டு. இதனைப் பூட்டுவதால் விநாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை பெரிதாக உயராது. ஆனால் பொறி விரைந்து எழும். விளையாட்டு விரைந்து தொடங்கும். புதிய இடத்திற்குச் செல்லும்போது திடீரென நிற்கும் தடுமாற்றம் குறையும். இவற்றினும் மேலானது ஒன்று உண்டு. தந்தையின் கணக்கும் தமக்கையின் விண்ணப்பமும் தம்பியின் பாடமும் இதனால் விரையும். வீட்டார் அனைவர்க்கும் பயன்படும் திருத்தம் இதுவே.

மூன்றாவது, விளையாடுவோர் பெரிதும் விரும்பும் வரைகலை அட்டை. பொருள் இழப்போர் பலர் இழப்பதும் இங்கேதான். அட்டையின் விரைவை மட்டும் கேட்டு வாங்கியவர், வீட்டுக்கு வந்தபின் அது பெட்டிக்குள் அடங்காமையைக் காண்பர். அடங்கினாலும் மின்சாரம் போதாமையைக் காண்பர். நம் சான்றுப் பொறி கோபுரம் போன்ற வடிவிலும் வந்தது; ஒடுங்கிய சிறு வடிவிலும் வந்தது. கோபுர வடிவின் மின்வழங்கி 275 வாட் தரும். சிறு வடிவினது 240 வாட் தரும். சிறு வடிவில் பாதி உயரமுள்ள அட்டைகளே புகும். செருகுவாய் வழியாக ஓர் அட்டை பெறக்கூடிய மின்சாரம் 75 வாட் வரை. அதற்கு மேல் வேண்டும் அட்டைகளுக்குத் தனி மின்கம்பி தேவை.

ஆகவே, 75 வாட்டுக்குள் இயங்கும் அட்டையே இங்குப் பொருத்தம். என்விடியா நிறுவனம் 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட ஜி.டி.எக்ஸ். 1650 அத்தகையது. அதற்குச் சொந்தமாக 4 ஜிகாபைட் நினைவகம் உண்டு. முதலில் வெளிவந்த அதன் வகையில் அந்நினைவகம் விநாடிக்கு 128 ஜிகாபைட் வழங்கும்; பொறியின் பொது நினைவகம் தரும் 25.6 ஐப் போல் இது ஐந்து மடங்கு. பரிமாறுவோர் பலரும் அவர்களுக்கெனத் தனி மேடையும் ஒருங்கே வந்தது போன்றது இது. கணக்கும் பார்ப்போம். செயலிக்கு 77 வாட், அட்டைக்கு 75 வாட், ஏனையவற்றுக்கு 40 வாட் எனத் தாராளமாகக் கொண்டாலும் 192 வாட்தான். 275 வாட் மின்வழங்கி இதனைத் தாங்கும். எனினும், இதே பெயரில் தனி மின்கம்பி கேட்கும் அட்டைகளும் கடையில் உண்டு. கம்பி வேண்டாத அட்டையைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

மற்றொரு சான்றும் காணத்தக்கது. ஏ.எம்.டி. நிறுவனம் 2022 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6400 என்னும் அட்டை 53 வாட்டில் இயங்குவது. பாதி உயர வடிவிலும் கிடைப்பது. பழைய பொறிக்கென்றே பிறந்தது போல் தோன்றும். ஆனால், செயலியோடு தகவலைப் பரிமாறிக்கொள்ள அதற்குள்ள பாதைகள் நான்கே. புதிய பலகைகளில் அந்நான்கு பாதைகள் வழியே விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட் செல்லும். நம் பழைய பலகையிலோ அதில் பாதியே செல்லும். சில விளையாட்டுகளில் இக்குறை படத்தைத் தடுமாறச் செய்யும். புதியது என்பதனாலேயே ஒரு பொருள் நமக்குப் பொருந்திவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

நான்காவது செயலி. ஐ5-3470 அமர்ந்துள்ள அதே இடத்தில் ஐ7-3770 என்னும் செயலியையும் அமர்த்தலாம். அதற்கும் நான்கு கருக்களே. ஆயினும் ஒவ்வொரு கருவும் ஒரே வேளையில் இரு வேலைத்தொடர்களை ஏற்கும். அதற்கு மேற்பட்ட புதிய தலைமுறைச் செயலி எதுவும் இப்பலகையில் பொருந்தாது. இங்கேதான் பழைய பொறியின் எல்லை தொடங்குகின்றது. 2013 ஆம் ஆண்டு இன்டெல் செயலிகளில் புகுந்த ஏ.வி.எக்ஸ்.2 என்னும் கட்டளைத் தொகுதி, 2012 இன் இச்செயலிகளில் இல்லை. அதனை எதிர்பார்த்து எழுதப்பட்ட விளையாட்டு இவற்றில் இயங்காது. 2021 ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்ட்சா ஹொரைசன் 5 என்னும் மகிழுந்துப் பந்தய விளையாட்டு, ஐ5-4460 என்னும் செயலியையும் ஜி.டி.எக்ஸ். 970 என்னும் அட்டையையும் தன் குறைந்த அளவுத் தேவையாகக் கூறுகின்றது. இரண்டும் நம் பொறிக்கு மேற்பட்டவை. எந்த விளையாட்டை விரும்பினாலும் அதன் வெளியீட்டாளர் அறிவிக்கும் தேவைப் பட்டியலை முதலில் படித்தல் நன்று. நம் பொறியால் இயல்வன எவை, இயலாதன எவை என்பதை அப்பட்டியலே சொல்லிவிடும்.

இயக்கமுறைக்கும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10 க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் செயலிகளின் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றது. நம் ஐ5-3470 மூன்றாம் தலைமுறையைச் சார்ந்தது. இத்தகைய பொறிக்கு விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் ஒரு புகலிடம். வால்வ் நிறுவனம் 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருளின் துணையால், விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் மிகப் பலவும் லினக்ஸில் இயங்குகின்றன. பலர் கூடி இணையவழி ஆடும் விளையாட்டுகளுள் சில மட்டும், ஏமாற்றைத் தடுக்கும் காவல் நிரல் காரணமாக அங்கு இயங்குவதில்லை.

இனி, கையிலுள்ள பணத்தைப் பங்கிடும் முறையைக் கூறுவோம். இங்கு ஒரு வேறுபாட்டை நெஞ்சில் நிறுத்த வேண்டும். எஸ்.எஸ்.டி.யும் வரைகலை அட்டையும் நாளை வேறு பொறி வாங்கினாலும் அதில் பூட்டத்தக்கவை. டி.டி.ஆர்.3 நினைவகமும் பழைய செயலியும் அவ்வாறு அல்ல. அவை இப்பொறியோடு வந்து இப்பொறியோடு போவன. ஆகவே, வழித்துணையாய்த் தொடர்ந்து வருவனவற்றுக்கு மனம் துணிந்து செலவிடலாம். உடன் வாராதவற்றுக்கு, குறை தெளிவாகத் தெரிந்தாலன்றிச் செலவிடலாகாது. அன்றியும், எல்லாச் செலவும் கூடி, எட்டாம் தலைமுறைச் செயலி கொண்ட மற்றொரு பழைய பொறியின் விலையை நெருங்குமாயின், திருத்துவதை நிறுத்திவிட்டு அதனையே வாங்குதல் அறிவுடைமை. எங்கே தொடங்குவது என்று அறிவது போலவே, எங்கே நிறுத்துவது என்று அறிவதும் ஒரு கலையாகும்.

பழைய உறுப்புகளை வாங்குவோர் சென்னை ரிட்சித் தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் அவற்றைத் தேடுவர். எங்கு வாங்கினும் சோதிக்காமல் பணம் கொடுத்தல் கூடாது. அட்டையைக் கடையிலேயே பூட்டிக் கால்மணி நேரமாவது இயக்கிப் பார்க்க வேண்டும். திரையில் கோடுகளோ புள்ளிகளோ தோன்றினால் அதனை விலக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யை மட்டும் கூடியவரை புதிதாகவே வாங்குதல் நலம். அதில் எழுதும் அளவுக்கு வரம்பு உண்டு. நம் தகவல்களைத் தாங்குவதும் அதுவே.

இம்முயற்சியால் விளையும் நன்மை ஒரு வீட்டளவில் நிற்பதன்று. 2022 ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது கால் பங்கிற்கும் குறைவு. ஒரு பழைய பொறி இன்னும் நான்காண்டு உழைத்தால், அத்தனை காலம் அது குப்பைமேட்டுக்குச் செல்லாது.

முதலில் கண்ட சிறுவனை மீண்டும் நினைப்போம். அவன் சோதித்துப் பார்த்தான். திரைப்புள்ளிகளைக் குறைத்ததும் படம் விரைந்தது. வன்தட்டோ எப்போதும் திணறியது. 8 ஜிகாபைட் நினைவகம் அவன் ஆடும் ஆட்டத்திற்குப் போதுமாயிருந்தது. ஆதலின் நினைவகத்தையும் செயலியையும் அவன் தொடவில்லை. முதல் திங்களில் எஸ்.எஸ்.டி. ஒன்றும், சிறிது சேமித்தபின் தன் பெட்டிக்குள் அடங்கும் பழைய அட்டை ஒன்றும் வாங்கினான் என்று கொள்வோம். விலையுயர்ந்த புதிய பொறியின் அழகு அவனுக்குக் கிடையாது. ஆயினும் பந்து வரும்போதே கால் அசைகின்றது. அவனுக்கு வேண்டியது அதுதானே? அதற்கு மேலாக, ஒரு பொறி எவ்வாறு இயங்குகின்றது, அதன் தடை எங்கே உள்ளது, தன் பணம் எங்கே சென்றது என்பவை மூன்றும் அவனுக்குத் தெரியும். விலை கொடுத்து வாங்கிய உறுப்புகள் ஒருநாள் பழையனவாகும். குறையை ஆராய்ந்து கண்டு, அதனை மட்டும் திருத்தும் இவ்வறிவு என்றும் பழையதாகாது.